ஒன்பதும் இடப்பக்கம்

என் கணவர் எனக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் உருப்படியானது ஒன்றே ஒன்றுதான். அதில் நான் அவரைத் தோற்கடித்தேன். அதற்கு அவர் என்ன செய்தார், பதிலுக்கு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அலுவலக வேலையாக அமெரிக்கா போய்வந்தவர், பெட்டி நிறைய பிளாஸ்டிக் தட்டுகளோடு இறங்கினார். பிள்ளைகள் பூங்காவில் வீசி விளையாடும் தட்டு மாதிரிதான் தெரிந்தது. கையில் எடுத்தால் கனம், விளிம்பில் கூர்மை. டிஸ்க் கோல்ஃப் என்றார். தூரத்தில் ஓர் இரும்புக் கம்பம், அதில் ஒரு கூடை, கூடைக்கு மேல் சங்கிலிகள். தட்டைச் சங்கிலியில் எறிந்து கூடைக்குள் விழவைக்க வேண்டும். குறைந்த எறிகளில் முடிப்பவர்தான் ஜெயித்தவர். எறியத் தொடங்கும் இடமும் கூடையும் சேர்ந்தால் ஒரு ஹோல், ஒன்பது ஹோல் சேர்ந்தால் ஒரு சின்ன கோர்ஸ்.

மகள் படிப்புக்காக வெளியூர் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், பேசுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலிலிருந்து நேரே ஒரு காலி மைதானத்துக்குப் போய், ஒரு பிளாஸ்டிக் கூடையை நட்டுவைத்து எறிவோம். நான் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். வாரம் முழுக்கக் கரும்பலகையில் எழுதும் கைக்கு அந்த வீச்சு சுகமாக இருந்தது.

அந்தக் கை இடது கை. சின்ன வயதில் சாப்பிடுவதை மட்டும் அடித்து வலதுக்கு மாற்றிவிட்டார்கள். எழுதுவதும் எறிவதும் இடதிலேயே தங்கிவிட்டன. கல்யாணமான புதிதில் என் கணவர் அதைக் கொஞ்சலாக 'பீச்சாங்கை' என்பார். பிறகு கொஞ்சல் போய்விட்டது, சொல் மட்டும் இருந்தது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வலது கைக்காரர் கையை மார்புக்குக் குறுக்கே மடக்கி விசிறி எறிந்தால், தட்டு நேராகப் போய், வேகம் குறையும் கடைசி நேரத்தில் இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். இடது கைக்காரர் அதே மாதிரி எறிந்தால் வலப்பக்கம் சாயும். தட்டு சுழலும் திசை மாறுவதால் வருவது இது. கையின் குற்றம் இல்லை.

சில மாதங்களிலேயே நான் அவரைவிட நன்றாக எறியத் தொடங்கினேன். முதல்முறை ஜெயித்த அன்று அவர் தட்டுகளைத் துடைத்துப் பையில் போட்டார், காரை எடுத்தார். டின் ஃபேக்டரி சிக்னலில் வழக்கம்போல வண்டிகளுக்கு நடுவே நின்றோம். வைட்ஃபீல்டில் எங்கள் அடுக்ககத்துக்கு வந்து சேர்ந்தோம். லிஃப்ட்டில் ஏறும்போது சொன்னார்.

"இன்னைக்குக் காத்து உன் கைக்கு ஏத்த மாதிரி அடிச்சுச்சு."

அடுத்த ஞாயிறு காற்றே இல்லை. அன்றும் ஜெயித்தேன்.

எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால், தைல மரங்கள் நின்ற ஒரு துண்டு நிலம் எதற்கும் பயன்படாமல் கிடந்தது. அதன் ஓரமாக ராஜகாலுவே என்கிற பெரிய கால்வாய் போகிறது. பெயரில்தான் ராஜா, ஓடுவது பாதி ஊரின் சாக்கடை. அந்த நிலத்தில் கோர்ஸ் போடலாம் என்று என் கணவர் அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து பேசினார். நன்றாகப் பேசக்கூடியவர்.

"நல்ல கோர்ஸ்னா என்ன? ஆடுறவன் ஒவ்வொரு ஹோல்லயும் நின்னு யோசிக்கணும். தைரியமா எறிஞ்சா அதுக்குப் பலன் இருக்கணும். பயந்தவனுக்கும் ஒரு வழி இருக்கணும். கஷ்டமா இருக்கலாம், அநியாயமா இருக்கக் கூடாது."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.

அவரே கயிறு பிடித்து அளந்து, முளைக்குச்சி அடித்தார். நான் உதவிக்குப் போனபோது, "நீ வந்தா குழப்பம். முடிச்சுட்டுக் காட்டறேன்" என்று அனுப்பிவிட்டார். திறப்பு நாளன்று போட்டி வைத்தார்கள். அக்கம்பக்கத்துப் பிளாட்காரர்கள், அசோசியேஷன் செயலாளர், அவர் மனைவி எல்லோரும் வந்திருந்தார்கள். முதல் ஹோல், மரங்களுக்கு நடுவே நேராகப் போய் உரக்கொட்டகையைச் சுற்றி இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் முழுக்க ராஜகாலுவே. நான் எறிந்தேன். தட்டு அழகாகப் போய், கடைசியில் வலப்பக்கம் சாய்ந்து, தடுப்புச் சுவரைத் தாண்டிச் சாக்கடையில் விழுந்தது. இரண்டாவது ஹோலிலும் அப்படியே. மூன்றாவதில் என் கணவர் அறிவிப்பாளர் மாதிரி கையைக் குவித்துக் கத்த ஆரம்பித்தார்.

"வர்றாங்க வர்றாங்க, பீச்சாங்கை எக்ஸ்பிரஸ்! எல்லாரும் சாக்கடைப் பக்கம் நிக்காதீங்க!"

சிரித்தார்கள். தோட்டக்காரர் நீளமான கழியோடு தட்டை எடுக்க ஓடிவந்தார். என் கணவர் அவரைத் தடுத்தார்.

"நீ விடுப்பா. யார் போட்டாங்களோ அவங்கதான் எடுக்கணும். அதான் ரூல்."

அப்படி ஒரு ரூல் கிடையாது. ஆனால் அங்கே விதி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நான் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். கறுப்புச் சேறு முழங்கால்வரை வந்தது. பிள்ளைகளின் டயப்பர்கள், சாராயப் பாக்கெட்டுகள், ஒரு செத்த பெருச்சாளி. தட்டைத் தேடி எடுத்து ஏறி வரும்போது அவர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்குப் போய்க் குளிப்பதற்குள் படம் அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. கீழே 'மீன்பிடித் திருவிழா' என்று எழுதியிருந்தார். வரிசையாகச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். கோபித்துக்கொண்டால் இன்னும் சிரிப்பார்கள் என்று நானும் ஒரு மஞ்சள் முகத்தைப் போட்டேன். அதை அமுக்கிய விரலை இன்றுவரை எனக்குப் பிடிக்காது.

இரண்டு காலிலும் சிரங்கு வந்தது. களிம்பு தடவிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்து, "செருப்போட இறங்கியிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் தோற்றேன். என் கை கெட்டுவிட்டது என்றே நம்பினேன். கண்ணாடி முன்னால் நின்று தோளை ஆட்டிப் பார்ப்பேன். அவர் தாராளமாக அறிவுரை சொல்வார். கோணம் சரியில்லை, இடுப்பு திரும்பவில்லை, வயதாகிறது. ஒருநாள் செயலாளர் மனைவியிடம், நான் பக்கத்தில் நிற்கும்போதே, "ஆரம்பத்துல கொஞ்சம் லக்கு அடிச்சுச்சு அவளுக்கு" என்றார். அந்த அம்மாள் என்னைப் பார்த்து இரக்கமாகத் தலையசைத்தார். நோயாளியைப் பார்ப்பதுபோல.

என் கணவரின் அலுவலகத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஓர் இளைஞர் சேர்ந்திருந்தார். இந்த விளையாட்டில் தேர்ந்தவர். ஒரு ஞாயிறு அவரைச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்தார். பிரியாணி சாப்பிட்டுவிட்டு மூவரும் ஆடப் போனோம். என் தட்டு உரக்கொட்டகைக்குப் பின்னால் போய் விழ, நான் தேடிப் போனேன். கொட்டகையின் மறுபுறம் அவர்கள் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். தகரச் சுவர் வழியாகக் குரல் தெளிவாக வந்தது.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? ஒம்போதும் இடப்பக்கமே வளையுதுங்களே. வலது பக்கம் ஒண்ணுகூட இல்லீங்களே."

"இடம் அப்படிப்பா."

"அப்படித் தெரியலீங்க சார். நாலாவது ஹோலை அந்தக் கோடியில இருந்து ஆரம்பிச்சா வலது பக்கம் அழகா வரும். அக்கா வேற லெஃப்ட்டு. பாவம், அவங்க எறியறதெல்லாம் சாக்கடைக்கே போகுது."

என் கணவர் சிரித்தார். "பின்ன, தெரியாமலா முளை அடிச்சேன்? ஒரு வீட்டுக்கு ஒரு சாம்பியன் போதும்."

அந்த இளைஞரும் சிரித்தார். மேலதிகாரி சிரித்தால் சிரிக்கத்தானே வேண்டும்.

நான் உரக்குழியின் நாற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் வந்தது கோபம் இல்லை. நிம்மதி. என் தோளில் கோளாறு இல்லை, வயதும் காரணம் இல்லை. நிம்மதி வடிந்த பிறகுதான் மற்றது வந்தது. அவர் கயிறு பிடித்து, மரங்களுக்கு நடுவே நடந்து, என் தட்டு எங்கே சாயும் என்று ஒவ்வோர் இடத்திலும் நின்று யோசித்திருக்கிறார். கல்யாணமானதிலிருந்து இவ்வளவு கவனமாக அவர் என்னை நினைத்ததே இல்லை.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன்.

"ஏங்க, ஒன்பதும் ஏன் இடப்பக்கம்?"

"எது?"

"அந்தத் தம்பிகிட்ட நீங்க சொன்னதைக் கேட்டேன்."

அவர் பதறவில்லை. டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "கேட்டுட்டியா? சரி. கத்தரிக்கோல்லருந்து எல்லாமே வலது கைக்காரனுக்குத்தான் செஞ்சிருக்கு. நான் மட்டும் உனக்குன்னு தனியா செய்யணுமா?"

"தனியா வேணாம். பாதி போதும்."

"பாதி கொடுத்தா நீ ஜெயிச்சிடுவே." வெட்கமில்லாமல் சொன்னார். பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "ஆபீஸ்ல என்னை ஒருத்தனும் மதிக்கறதில்ல. இங்கயும் நீ ஜெயிச்சா எனக்கு என்ன மிச்சம்?" என்றார்.

அந்த நேரத்தில் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கலாம். என் காலில் சிரங்குத் தழும்பு இருந்தது. பரிதாபம் வரவில்லை.

அந்தக் கோயம்புத்தூர் இளைஞரை அழைத்து, எல்லாம் கேட்டேன் என்று சொன்னேன். தவித்துப்போனார். "மன்னிப்பெல்லாம் வேணாம் தம்பி. எனக்கு ஃபோர்ஹேண்ட் சொல்லிக்கொடு" என்றேன். கையைக் குறுக்கே மடக்காமல், இரண்டு விரலை விளிம்புக்குள் கொடுத்து, கல் எறிவதுபோல பக்கவாட்டில் சுண்டும் எறி அது. இடது கைக்காரர் அப்படி எறிந்தால் தட்டு இடப்பக்கம் சாயும். போனில் படம் போட்டுக் காட்டினார். நான் காலை மெட்ரோவில் சீக்கிரமே போய், பள்ளி மணி அடிக்கும்வரை விளையாட்டு மைதானத்தில் எறிந்தேன். முழங்கை வீங்கியது. கரும்பலகையில் எழுதும்போது சுண்ணக்கட்டி நழுவி விழுந்தது. விடவில்லை. கடைசியில் இரண்டு பக்கமும் எறிய வந்தது.

ஆனால் வீட்டுக்குப் பின்னாலிருந்த கோர்ஸில் அதை ஒருமுறைகூடக் காட்டவில்லை. பழைய மாதிரியே எறிந்து பழைய மாதிரியே தோற்றேன். அவர் நிம்மதியாக இருந்தார். அவரை அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த மழைக்காலத்தில் ராஜகாலுவே பொங்கி, அடித்தளத்துக் கார்களெல்லாம் மூழ்கின. மாநகராட்சி ஆட்கள் ஜேசிபியோடு வந்து கால்வாயை அகலப்படுத்தினார்கள். ஓரத்திலிருந்த கூடைகளையும் சேர்த்தே தோண்டிப் போட்டார்கள். வெட்டிய மண்ணை நடுவில் மேடாகக் குவித்துவிட்டுப் போனார்கள். அப்போது என் கணவர் வெளிநாட்டில் இருந்தார். செயலாளர் கன்னடக்காரர். அவர் தமிழில் பாதி கன்னடமாகத்தான் இருக்கும். என்னிடம் வந்தார்.

"மேடம், எல்லாம் கித்துப் போட்டுட்டாங்க. சார் வர்றதுக்கு லேட்டாகும், ஹௌதா? நீங்களே ஹொசதா ஒண்ணு போட்டுக் குடுங்க."

பிடுங்கிப் போட்டதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்று போடச் சொல்கிறார். கயிறும் முளைக்குச்சியும் என் கைக்கு வந்தன. முதல் நாளே ஒன்பதையும் வலப்பக்கம் வளைத்தேன். ஒவ்வொரு ஹோலிலும் அவர் தட்டு எந்த மரத்தில் மோதும், எந்தப் பள்ளத்தில் விழும் என்று கற்பனை செய்துகொண்டே அடித்தேன். இனிப்பாக இருந்தது. பிறகு நானே அதை ஆடிப் பார்த்தேன். மூன்றாவது ஹோலில் கைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஐந்தாவதில் கொட்டாவி வந்தது. பழிவாங்குவது இவ்வளவு சலிப்பாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. தன் கோர்ஸில் அத்தனை மாதம் ஜெயித்தும் அவர் ஏன் ஒருநாளும் துள்ளிக் குதிக்கவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

முளைகளைப் பிடுங்கினேன். நல்ல மனதால் இல்லை. மோசமான கோர்ஸைப் போட்டது நான் என்று யாரும் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். ஒரு ஹோலை இடப்பக்கம், அடுத்ததை வலப்பக்கம் என்று வளைத்தேன். ஒன்றில் இரண்டு தைல மரங்களுக்கு நடுவே ஒடுக்கமான சந்து. துணிந்தவர் அதில் நேரே எறியலாம், முடியாதவர் சுற்றிக்கொண்டு ஓர் எறி கூடுதலாகப் போகலாம். கஷ்டமான ஹோலுக்கு அடுத்து ஒரு சின்ன ஹோல் வைத்தேன், முட்டிவலிக்காரரும் சங்கிலிச் சத்தம் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று. எங்கே நின்றாலும் கூடை கண்ணுக்குத் தெரிய வேண்டும். எறிந்தது தப்பினால் ஏன் தப்பியது என்று எறிந்தவருக்கே புரிய வேண்டும். கடைசிக் கூடையை மண்மேட்டின் உச்சியில் நட்டேன். குறி தவறினால் தட்டு உருண்டு கீழே வந்துவிடும். அதுவரை எட்டிக்கூடப் பார்க்காத பெண்கள் சாயங்காலம் ஆட வந்தார்கள். செயலாளர் மனைவி ஒரே எறியில் சின்ன ஹோலை முடித்துவிட்டுக் கூச்சல் போட்டார்.

என் கணவர் திரும்பி வந்த ஞாயிறு, எல்லோர் முன்னாலும் ஆடினோம். முதல் ஹோல் இடப்பக்கம், நன்றாக எறிந்தார். இரண்டாவதில் நின்றுவிட்டார்.

"இதென்ன, வலது பக்கம் போகுது?"

"ஆமாங்க."

"எப்படி எறியறது?"

"நின்னு யோசிங்க."

அவர் கற்காத எறியை எறிந்தார். தட்டு தள்ளாடிப் போய் மரத்தில் மோதி விழுந்தது. மூன்றாவதில் நான் இரண்டு விரலைக் கொடுத்துச் சுண்டினேன். தட்டு இடப்பக்கம் வளைந்து கூடைக்கு அருகே உட்கார்ந்தது. அவர் எறிய எடுத்த தட்டைக் கீழே இறக்கினார்.

"இது எப்போ கத்துகிட்டே?"

"நீங்க போட்ட கோர்ஸ்தான் சொல்லிக்கொடுத்துச்சு. உங்களுக்கு அது ஒண்ணும் சொல்லிக்கொடுக்கலை பாருங்க."

மண்மேட்டில் நான் முடித்துவிட்டேன். அவருடைய தட்டு சங்கிலிக்குப் பக்கத்தில் போய்த் தப்பி உருண்டு வந்தது. மறுபடி எறிந்தார், மறுபடி உருண்டது. பெண்கள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டார்கள். நட்பாக ஆடும் ஆட்டத்தில், போதும் விடுங்க என்று சொல்வது வழக்கம். அவரும் என்னைப் பார்த்தார், அதைச் சொல்வேன் என்று. செயலாளர்கூட, "சாக்கு மேடம், பிட்பிடி" என்று போதும் விடச்சொல்லிக் கன்னடத்தில் முணுமுணுத்தார்.

"முடிச்சிடுங்க" என்றேன். "பாதியில விட்டா ஆட்டத்துல சேராது."

மேட்டைப் பிடித்துப் பிடித்து ஏறினார். வழுக்கி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். கடைசியில் கூடைக்குப் பக்கத்தில் போய்த் தட்டைக் கையால் உள்ளே வைத்துவிட்டு இறங்கி வந்தார். எனக்கு அதைப் பார்க்கப் போதவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் உருண்டிருக்கலாம்.

அடுத்த வாரமே லிஃப்ட்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லத் தொடங்கினார், அந்தக் கோர்ஸ் என் கைக்கு ஏற்றபடி போட்டது என்று. பாதி ஹோல் இடப்பக்கம் வளைவதைத் தங்கள் கண்ணால் பார்த்தவர்களே நம்பினார்கள். இடதுகைக்காரி போட்டது வேறெப்படி இருக்கும்? பொதுக்கூட்டத்தில், பின்பக்க நிலத்தை விருந்தினர் கார் நிறுத்துமிடமாக மாற்றலாமா என்று யாரோ கேட்டார்கள். பேசி முடிப்பதற்குள் கை தூக்கியவர் என் கணவர். மற்றவர்கள் அவரைப் பார்த்துத் தூக்கினார்கள். முதலில் அங்கே கோர்ஸ் போட்டவரே சொல்கிறாரே என்று.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "உங்க கோர்ஸா இருந்திருந்தா தூக்கியிருப்பீங்களா?"

"என் கோர்ஸா இருந்திருந்தா எதுக்குத் தூக்கறேன்?" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி மாட்டினார்.

கூடைகளைப் பழைய இரும்புக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். தைல மரங்களை வெட்டினார்கள். நான் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு விடைத்தாள் திருத்தினேன்.

பிறகு அந்தக் கோயம்புத்தூர் இளைஞர் சொல்லி, ஹொஸ்கோட்டைக்கு அப்பால் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். தோப்புக்குள் வார விடுமுறைக்கு ஆட்கள் தங்கும் வீடுகள் இருந்தன. அவர்கள் ஆட ஒரு கோர்ஸ் வேண்டுமாம். கோடை விடுமுறை முழுக்க அங்கே போய்ப் போட்டுக்கொடுத்தேன். திறப்பு நாளன்று காலையில் கேப் கிடைக்கவே இல்லை. சோபாவில் உட்கார்ந்திருந்த கணவர் எழுந்து சாவியை எடுத்தார்.

"வா. கொண்டு விடறேன்."

தோப்பு வாசலில் ஒரு மாமரத்தடியில் காரை நிறுத்தினார். இறங்கவில்லை. நான் உள்ளே போனேன். முதல் ஆட்டத்தை என்னையே ஆடச் சொன்னார்கள். அன்று என் கை சொன்னபடி கேட்டது. மூன்றாவது ஹோலின் தொடக்கத்திலிருந்து பார்த்தால் வேலிக்கு அப்பால் கார் தெரியும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசி போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி அவர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பின் சீட்டில் அவருடைய தட்டுப் பை இருந்தது. காலையில் ஏறும்போதே பார்த்திருந்தேன். நான் கையசைத்திருந்தால் வந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அசைக்கவில்லை. தட்டை எடுத்து எறிந்தேன்.

ஆட்டம் முடிந்து, மதியச் சாப்பாடும் முடிந்துதான் திரும்பினேன். அவர் சாப்பிட்டிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை. காரை நெடுஞ்சாலைக்குக் கொண்டுவந்தார். பிறகு முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"எத்தனைல முடிச்சே?"

"எண்ணலை" என்றேன்.

எண்ணியிருந்தேன்.